தண்ணீருக்குப் போட்ட பசை

ஆபீசில் அவளைச் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை, காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, கணினிக்குள் ஓட விடுவதுதான் பதினாறு வருடமாக அவள் பிழைப்பு. வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது துருவினால், “எட்டு லட்சம் பிள்ளைங்களைக் கட்டி மேய்க்கிறேன், இதுக்கு மேல வீட்டுல வேற ஒண்ணா?” என்று வாயை அடைத்துவிடுவாள். எட்டு லட்சம் என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. ஒரு டேங்கர் பாலைக் கணினிக்குள் ஊற்ற அத்தனை துகள்கள் பிடிக்கும்.

குழாய்க்குள் அடங்கி ஓடுகிற தண்ணீரைக் கணக்குக்குள் கொண்டுவருவது அவ்வளவு கஷ்டமில்லை. மேலே திறந்து கிடக்கிற தண்ணீர்தான் ஆளைப் படுத்தும். எழும்பும், மடங்கி விழும், சுவரில் மோதித் தெறிக்கும், தெறித்தது திரும்ப வந்து கலக்கும். அதன் மேல்விளிம்பு இதுதான் என்று கோடு கிழிக்க முடியாது. அதனால் கோடே கிழிக்காமல் தண்ணீரைப் பொடிப்பொடித் துகள்களாக ஆக்கிவிடுவார்கள். ஒவ்வொரு துகளும் தன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அக்கம்பக்கத்தாரை மட்டும் பார்க்கும். நெருக்கினால் தள்ளும், தள்ளப்பட்டால் நகரும். தலைக்கு மேல் யாரும் இல்லையென்றால், தான் மேற்பரப்பில் இருக்கிறோம் என்று புரிந்துகொள்ளும். கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மனிதர்களும் இப்படித்தான். ஒருவருக்கும் முழுக் கூட்டம் தெரியாது, ஆனாலும் கூட்டம் நகர்ந்துவிடுகிறது.

அவளைப் படிக்க வைத்தவன் அண்ணன். அவளுக்குப் பதினொரு வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மா அதற்கும் முன்பே. அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினான். “ரெண்டு பேரும் படிச்சா சோறு யார் ஆக்குறது?” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாராவது தியாகம், அது இது என்று ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். தங்கை மேலே மேலே படித்து இந்த வேலைக்கு வந்த நாளில் அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“நீ சொல்றது சரியா தப்பான்னு எவன் பாப்பான் பாப்பா?”

“கணக்கே பாத்துக்கும் அண்ணா.”

“அப்ப சரி.”

அன்றிலிருந்து தங்கை சொன்னால் அவனுக்குச் சொன்னதுதான். டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்பதிலிருந்து வலிக்கு எந்த மாத்திரை என்பது வரை, “எங்க பாப்பா கணக்குப் போட்டுச் சொல்லிருச்சு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அண்ணி சிரிப்பாள். “உங்க தங்கச்சி சொன்னா சூரியன் மேக்கால உதிக்கும்னுகூட நம்புவீங்க.”

“சொன்னா நம்புவேன். ஆனா அது சொல்லாதுடி.”

அவன் கடைசி பதினான்கு வருடம் ஓட்டியது பால் டேங்கர். ஒரு பால் கம்பெனியின் நாற்பத்தோரு டேங்கர்களில் ஒன்று. ஒரு கீறல் கிடையாது. அந்தக் கம்பெனியிலிருந்தே ஒரு நாள் அவள் ஆபீசுக்கு வேலை வந்தபோது, சொட்டு துள்ளிக் குதிக்காத குறை. அண்ணன் ஓட்டுகிற வண்டியைக் கணினிக்குள் ஓட்டப்போகிறாள்!

கம்பெனியின் கேள்வி எளிமையானது. டேங்கருக்குள் குறுக்கே மூன்று தடுப்புத் தகடுகள் உண்டு. நடுவில் ஓட்டை போட்ட தகடுகள். வண்டி பிரேக் அடிக்கும்போது பால் மொத்தமாக முன்னால் பாயாமல் அவை தடுக்கும். ஆனால் கழுவுகிற ஆட்கள் அந்த ஓட்டைகள் வழியே ஊர்ந்து போய்த்தான் உள்ளே தேய்க்க வேண்டும். தகடுகளை எடுத்துவிட்டால் கழுவும் நேரம் பாதியாகும். கழுவுகிறவர்களின் முதுகுக்கு நல்லது என்று கம்பெனிக் கடிதத்தில் எழுதியிருந்தது. அது உண்மைதான். வண்டிக்கு நாளைக்கு ஒரு நடை கூடும் என்பதும் உண்மை, அதை எழுதவில்லை. தகடில்லாமல் ஓட்டினால் ஆபத்து உண்டா, இல்லையா? கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓட்டினாள். பிரேக் அடித்த மாத்திரத்தில் பால் முன்சுவரில் போய் மோதியது. மோதிய இடத்தில் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்க, கணக்கு தாங்காமல் எல்லாம் சிதறிப் பறந்தன. இந்தத் தொழிலில் இது அன்றாடத் தொல்லை. அவளுடைய மேலாளர் வந்து திரையை எட்டிப் பார்த்தார். எந்த வேலையானாலும் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறவர் என்பதால் அவருக்கும் ‘வெள்ளிக்கிழமை’ என்றே பெயர்.

“என்ன சொட்டு, பால் எங்க போய்க்கிட்டிருக்கு?”

“சந்திரனுக்கு சார்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பி வரச் சொல்லு.”

“துகளை இன்னும் பொடியாக்கணும் சார். நேரத்தையும் பொடிப்பொடியா நறுக்கி ஓட்டணும். ஒன்பது பத்து நாள் ஆகும்.”

“ஒன்பது நாளா? கொஞ்சம் பசை போடேம்மா. எல்லாரும் போடுறதுதான.”

பசை என்பது அவர்கள் ஆபீஸ் வழக்கு. நீரோட்டத்துக்குள் செயற்கையாகக் கொஞ்சம் பிசுபிசுப்பைச் சேர்க்கிற ஓர் எண். சேர்த்தால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சிதறாது. உலகத்தில் இந்தக் கணக்குப் போடுகிற எல்லாரும் துளியளவு சேர்க்கத்தான் செய்கிறார்கள், அதில் களவு ஒன்றுமில்லை. நூற்றில் ஒரு பங்கு போட்டால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அவள் நூற்றில் இரண்டு போட்டாள், சிதறியது. ஐந்து போட்டாள், சிதறியது. முப்பது போட்டாள். பால் சர்க்கரைப் பாகைப் போல முன்னால் நகர்ந்து, சுவரைத் தொட்டு, நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து, இரண்டே ஆட்டத்தில் அடங்கிவிட்டது. படம் அழகாக இருந்தது. அலையில் ஒரு பிசிறு இல்லை.

அந்த அழகில்தான் அவள் ஏமாந்தாள். முப்பது என்ற எண்ணை ஒளிக்கவில்லை, பின்னிணைப்பில் பத்தொன்பதாவது அட்டவணையில் எழுதித்தான் வைத்தாள். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதவில்லை. அறிக்கையின் கடைசி வரி: ‘தகடுகள் இல்லாத நிலையிலும் அலை இரண்டு ஆட்டங்களில் அடங்குகிறது. அகற்றுவதில் தடையில்லை.’ வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. நாற்பத்தோரு டேங்கர்களிலிருந்தும் தகடுகளை வெட்டி எடுத்தார்கள். நம்மில் எத்தனையோ பேர் கல்லைக் கும்பிடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். சோதித்துப் பார்க்காமல் ஒரு திரையை நம்புவதும் கும்பிடுதான். அதில் கற்பூரம் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

அடுத்த இரண்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணனும் அண்ணியும் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் சமையலறைக்குள் போய் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை எடுத்து, பாதியைக் கொட்டிவிட்டு, படுக்க வைத்து, தரையில் ஒரு தள்ளு தள்ளிப் பிடித்து நிறுத்தினான். கேன் நின்றது. நின்ற பிறகு, தானாக இன்னொரு தடவை முன்னால் எகிறியது.

“பாத்தியா பாப்பா? நிறுத்தின பிறகு உதைக்குது. வண்டியும் இதேதான் பண்ணுது. முழுசா ரொம்பினா ஒண்ணுமில்ல. முதல் டிப்போல பாதி இறக்கிட்டுப் போறேன் பாரு, அப்ப பிரேக் வெச்சா ஒரு மூச்சு விடுற நேரம் கழிச்சு முதுகுல ஒரு உதை. வளைவுல வேற மாதிரி, பக்கவாட்டுல தூக்குது.”

“அண்ணா, அது கேன். இது பதினஞ்சாயிரம் லிட்டர் டேங்க். ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணு இல்லதான். ஆனா உதை ஒண்ணுதான்.”

“நானே ஓட்டிப் பாத்திருக்கேன். ரெண்டு ஆட்டத்துல அடங்கிடுது. நீ ஒழுங்காத் தூங்குறியா?”

அண்ணி நடுவில் புகுந்தாள். “எங்க தூங்குறாரு? ஒரு நடை கூட்டிட்டாங்கள்ல, நாலு மணிக்கே எந்திரிச்சு ஓடுறாரு.”

“அதான். அசதில உடம்புக்கு அப்படித் தெரியும். டேங்க் உதைக்காது அண்ணா.”

அவன் கொஞ்ச நேரம் கேனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்துவிட்டு அதை எடுத்து நிமிர்த்தி வைத்தான். “சரி, நீ சொன்னா சரி. உடம்புக்கு வயசாயிருச்சு போல.” தரையில் சிந்தியிருந்த தண்ணீரையும் அவனே துடைத்தான்.

இருபத்து மூன்று வருடம் ஸ்டியரிங் பிடித்தவனின் முதுகு சொன்ன சாட்சியை, தானே சரிபார்க்காத ஓர் எண்ணைக் காட்டி அவள் தள்ளுபடி செய்தாள். பிற்பாடு அவளால் ஒரு நாள்கூட மறக்க முடியாமல் போனது அந்த மத்தியானம்தான். அறிவியல் என்றால் என்ன என்று அன்று அந்த அறையில் தெரிந்துவைத்திருந்தவன் அண்ணன். அவன் பார்த்தான், சந்தேகப்பட்டான், கேனை வைத்துச் சோதித்தும் காட்டினான்.

மூன்று வருடம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, பாதிப் பாலோடு, ஊருக்கு வெளியே உள்ள பெரிய வளைவில் டேங்கர் கவிழ்ந்தது. எதிர்ப்பக்கம் சைக்கிளில் வந்துகொண்டிருந்த தபால்காரர் அடியில் போய்விட்டார். அண்ணனுக்கு அவரைத் தெரியும். ஆறு வருடமாகத் தினமும் அதே இடத்தில் இவன் ஹார்ன் கொடுப்பான், அவர் கையைத் தூக்குவார். பெயர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. அன்றைக்கும் கையைத் தூக்கியிருந்தார்.

தோள்பட்டை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அண்ணனிடம் போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதினார். அதற்கென்று அச்சடித்த தாளில் பதினோரு கேள்விகள் இருந்தன. ஒன்பது ஓட்டுநரைப் பற்றியவை: குடித்திருந்தாரா, தூங்கினாரா, போனில் பேசினாரா, எத்தனை மணி நேரம் ஓட்டினார். சாலையைப் பற்றி ஒன்று. டயரைப் பற்றி ஒன்று. டேங்கைப் பற்றி எதுவும் இல்லை. லாரி கவிழ்ந்தால் குற்றவாளி யார் என்பதை அந்தத் தாளை அச்சடித்தவர்களே தீர்மானித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சும்மா சடங்கு.

வாக்குமூலத்தின் நகலை வக்கீலிடமிருந்து வாங்கி, பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே சொட்டு படித்தாள். ‘பிரேக் போட்ட பின் டேங்க் என்னைப் பின்னாலிருந்து தள்ளியதுபோலத் தோன்றியது. ஆனால் அப்படி நடக்க வழியில்லை என்று என் தங்கை கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. அது படித்தது. அது தப்பாகச் சொல்லாது. ஆகவே நான்தான் கண் அயர்ந்திருக்க வேண்டும்.’ கீழே அவனுடைய கையெழுத்து. இடது கையால் போட்டது, கோணல்மாணலாக.

மூன்று பஸ் வந்து போனது. அவள் ஏறவில்லை.

மறுநாள் பழைய கோப்பைத் திறந்தாள். பத்தொன்பதாவது அட்டவணை. முப்பது. அந்த எண் மூன்று வருடமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. நேராகக் கணக்கைத் திருப்பி ஓட்டியிருக்கலாம், ஆனால் இந்த முறை அவள் தன்னையும் நம்பவில்லை, கணினியையும் நம்பவில்லை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிற கடையில் சொல்லி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டி ஒட்ட வைத்தாள். தான் படித்த கல்லூரியின் சோதனைக்கூடத்தில், தண்டவாளத்தில் ஓடுகிற ஒரு தள்ளுவண்டி இருந்தது. அதன்மேல் தொட்டியை வைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஓட விட்டு, சட்டென்று நிறுத்தினாள். நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் படம் பிடித்தாள். கண்ணாடிக்காரர் தொட்டியைப் பொருத்திக் கொடுக்க வந்தவர், வேலை முடிந்தும் போகாமல் நின்று பார்த்தார்.

“என்னம்மா இது, நின்ன பிறகும் இந்தக் குதி குதிக்குது?”

“எண்ணுங்க.”

பதினோரு தடவை போய் வந்தது தண்ணீர். அவளுடைய அறிக்கை சொன்ன இரண்டு அல்ல, பதினொன்று.

பிறகுதான் கணினிக்குப் போனாள். பசையை நூற்றில் ஒன்றுக்கு இறக்கினாள். துகள்களை எட்டு லட்சத்திலிருந்து நாற்பது லட்சமாகப் பொடியாக்கினாள். முதலில் கண்ணாடித் தொட்டியைக் கணினிக்குள் கட்டி, அங்கேயும் பதினோரு ஆட்டம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. அலையின் உயரம் விரற்கடை பிசகாமல் வந்தது. அதற்குப் பிறகே டேங்கரை ஓட்டினாள். ஒன்பது நாள் ஆனது. மூன்று வருடத்துக்கு முன் அந்த ஒன்பது நாளை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளும் சண்டை போட்டுக் கேட்கவில்லை.

திரையில் டேங்கர் வளைவை நெருங்கியது. வேகம் முப்பத்தெட்டு, அங்கே அனுமதித்த நாற்பதுக்கும் கீழே. பிரேக். பால் முன்சுவருக்கு ஓடி, சுவரோடு ஏறி, கூரையில் மடங்கி, அப்படியே பக்கவாட்டில் சரிந்து வெளிப்பக்கச் சுவரில் அறைந்தது. உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. முன்சுவரில் விழுந்த அடி, அவள் அறிக்கையில் எழுதியதைப்போல நான்கு மடங்கு. ஓட்டுநர் தூங்க வேண்டிய அவசியமே இல்லை. விழித்திருந்த எவனையும் அது கவிழ்த்திருக்கும்.

போக்குவரத்துத் துறை விசாரணையில் தானாகவே போய் நின்றாள். பால் கம்பெனியின் வக்கீல் பொறுமையாகக் கேட்டார்.

“முதல் அறிக்கை நீங்க கொடுத்ததுதானேம்மா?”

“ஆமா.”

“அது தப்புங்கிறீங்க.”

“தப்பு. என் தப்பு.”

“அப்ப தப்பாக் கணக்குப் போடுறவங்க நீங்க. இப்ப போட்டது மட்டும் சரின்னு நாங்க எப்படி நம்புறது?”

“நம்ப வேண்டாம் சார். நம்பினதுனாலதான் இவ்வளவும் வந்துச்சு. தொட்டி வெளிய வண்டில இருக்கு. வாங்க, நீங்களே தள்ளி நிறுத்துங்க. கண்ணை மட்டும் திறந்து வெச்சுக்கங்க.”

அறையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. “ஓட்டுநர் உங்களுக்கு என்ன வேணும்?”

“அண்ணன்.”

“கூடப் பிறந்தவரா?”

“கூடப் பிறந்தவர்.”

“நன்றிம்மா. வேற கேள்வி இல்ல.”

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். வாசலுக்கு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தொட்டியை அவரே தள்ளி நிறுத்திப் பார்த்தார். உதைத்தது. திரும்பவும் தள்ளினார். ஒரு மாதத்தில் ஆணை வந்தது: நாற்பத்தோரு டேங்கர்களிலும் தகடுகளைத் திரும்பப் பொருத்த வேண்டும். அதோடு ஒரு வரி: ‘இது முன்னெச்சரிக்கை நடவடிக்கை மட்டுமே. நடந்த விபத்தின் காரணம் குறித்து இவ்வாணை எதுவும் கூறவில்லை.’ தகடு இல்லாததால் கவிழும் என்று அஞ்சித் தகடு போடச் சொல்வார்களாம். கவிழ்ந்த வண்டி தகடு இல்லாததால்தான் கவிழ்ந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்களாம்! மேலாளர் ‘வெள்ளிக்கிழமை’ அவளைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்க்காமல், வேறு வேலை தேடிக்கொள்ளச் சொன்னார். அது அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் ஆக வேண்டியிருந்தது.

அண்ணனின் வக்கீல் சொல்லியிருந்தார்: “வாக்குமூலத்தை அவர் வாபஸ் வாங்கி ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்மா. அப்புறம் உங்க தொட்டி, உங்க கணக்கு எல்லாத்தையும் கோர்ட்டுல வெச்சு நான் பாத்துக்கிறேன். ஆனா அவரே ‘நான் தூங்கிட்டேன்’னு நின்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அந்த வாபஸ் தாளையும் மடிக்கணினியையும் தொட்டியையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஜாமீனில் இருந்தான். ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்க, மறு கையால் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

“வா பாப்பா. சாப்டியா?”

“இதைப் பாரு அண்ணா. பாத்துட்டுப் பேசு.”

படத்தை ஓட விட்டாள். அண்ணியும் பின்னால் வந்து நின்றாள். நீல நிறத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள். டேங்கர் வளைவுக்கு வந்தது, பிரேக் விழுந்தது, புள்ளிகள் முன்னால் ஓடின. ஒரு மூச்சு விடுகிற நேரம். அலை சுவரில் அறைந்த அந்தக் கணத்தில் அண்ணனின் முதுகு வெடுக்கென்று முன்னால் வந்தது, நிஜமாகவே யாரோ உதைத்ததைப் போல. உடம்புக்குத் தெரிந்திருந்தது! அவள் பார்த்தாள். அண்ணியும் பார்த்தாள்.

“இதுதான அண்ணா? இப்படித்தான உதைச்சுச்சு?”

அவன் கத்தியைத் தட்டில் வைத்தான்.

“இதைச் செய்ய எத்தனை நாளாச்சு?”

“ஒன்பது நாள். தொட்டியோட சேத்தா ஒரு மாசம்.”

“எனக்காகச் செஞ்சியா?”

“உண்மை என்னன்னு தெரியணும்ல.”

“அது இல்ல நான் கேட்டது. நான் கவுக்கலைன்னா இதைச் செஞ்சிருப்பியா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன ‘ஆமாம்’. அவளுக்கு வாய் வரவில்லை. “இல்ல அண்ணா” என்றாள்.

“அதான். மூணு வருஷமா அந்தக் கணக்கு அசையாம கிடந்துச்சு. நான் ஒரு மனுஷனைக் கொன்ன பிறகு மாறியிருக்கு. அன்னைக்கு நீ சொன்னப்ப உனக்கு யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. இன்னைக்கு இருக்கு.”

“பொய் இல்ல அண்ணா! அன்னைக்குச் சொன்னதுதான் பொய். நான் பசை போட்டேன், தண்ணிய தண்ணியா ஓட விடல. தொட்டி வாசல்ல இருக்கு, நீயே வந்து தள்ளிப் பாரு. நீதான அன்னைக்குக் கேனைத் தள்ளிக் காட்டுன? நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு.”

“நீ தப்பாச் சொல்ல மாட்ட பாப்பா.”

“சொன்னேன்!”

“மாட்ட.” அவன் குரல் உயரவே இல்லை. “உன்னை எனக்குத் தெரியாதா? எனக்காக உன் வேலையை விட்ட. எல்லார் முன்னாடியும் போயி நான்தான் தப்புன்னு நின்ன. இப்ப படமும் போட்டுக் கொண்டாந்திருக்க. என்னால நீயும் கெட்டுப் போயிட்ட பாப்பா. அந்தத் தபால்காரரைக் கொன்னதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்குவேன். இதை எப்படித் தாங்குறது?”

அவன் அழுதான். அவள் நினைவு தெரிந்து அவன் அழுது பார்த்ததில்லை. அப்பா இறந்தபோதும் அழாதவன். அண்ணி அவன் தோளைத் தொட்டு, “கையெழுத்தைப் போடுங்களேன், ஒரு கையெழுத்துத்தான” என்றாள். அவன் தாளைத் தங்கையின் பக்கம் மெதுவாக நகர்த்திவைத்தான். பிறகு பீன்ஸை எடுத்துக்கொண்டான்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்த அன்று சொட்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நூற்றிருபது பக்க அறிக்கை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனுக்குச் சாட்சி எதற்கு? யாரையும் கூப்பிடவில்லை. தபால்காரரின் மனைவி முன்வரிசையில், முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிகிற வழக்கு அது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, கனிவாகவே கேட்டார். “யாராவது சொல்லிக் கொடுத்து ஒப்புக்கிறீங்களா?”

“இல்லீங்கய்யா.”

“வண்டி ஓட்டும்போது தூங்கினீங்களா?”

“தூங்கிட்டேங்கய்யா.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“இருக்குங்கய்யா.”

அந்தப் பதிலில் சொட்டு நிமிர்ந்தாள். ‘அயர்ந்திருக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தவன் அவன். ஞாபகம் இருக்கிறது என்று இதுவரை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

“எந்த இடத்துல கண் சொருகுச்சு?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். இட்டுக்கட்டுகிறவனின் யோசனை இல்லை அது. கண்ணை மூடி, உள்ளே தேடி, கண்டெடுத்துச் சொன்னான்.

“வளைவுக்கு முன்னால ரெண்டு பக்கமும் மரமா இருக்குங்கய்யா. நல்ல நிழல். அந்த நிழலுக்குள்ள வண்டி போனதும் சொகமா இருந்துச்சு. அங்கதான் கண்ணு சொருகிருச்சு.”

அந்த வளைவுக்கு இரண்டு பக்கமும் அரைக் கிலோமீட்டருக்கு மரமே கிடையாது. சரளைக்கல்லும் வெயிலும்தான். கணக்குக்காக அந்தச் சாலையை மீட்டர் மீட்டராக டேப் பிடித்து அளந்தவள் அவள். எழுந்து நின்றாள். “அங்க மரமே இல்லீங்க” என்றாள். சத்தம் அவள் நினைத்த அளவுக்கு வரவில்லை. வாசலில் நின்ற காவலர் அருகே வந்து, “உக்காரும்மா, கோர்ட் நடக்குது” என்று தோளைத் தொட்டார்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

நிழல், சுகம், கண் சொருகல் எல்லாவற்றையும் எழுத்தர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.